யூபிசாஃப்ட் இலவச கேம், ட்ரையல் எல்லாம் எங்கே தேடுவது? எது நமக்கே, எது திங்கட்கிழமை வரை?

செமஸ்டர்_லீவு | வியாழன் இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். லீவு விட்டாச்சு, கையில் காசு இல்லை, அப்பாவிடம் கார்டு கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அசாசின்ஸ் க்ரீட் பைத்தியம் என்பதால் இப்போதைக்கு அதைச் செய்கிற யூபிசாஃப்ட் கம்பெனியின் கேம்கள்தான் என் குறி. தேடினால் "யூபிசாஃப்ட் இலவசம்" என்று வண்டி வண்டியாக வீடியோ வருகிறது, பாதி மூன்று வருஷம் பழசு, மீதி ஏதோ கீ ஜெனரேட்டர் கதை. போன மாதம் வேறொரு கம்பெனி கேம் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தது, ராத்திரி முழுக்க டவுன்லோடு ஓடவிட்டு மறுநாள் சாயங்காலம் திறந்தால் "வாங்கு" என்கிறது! இலவசம் என்றுதானே போட்டிருந்தான்?

லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650, ராம் 8 ஜிபி, காலி இடம் 90 ஜிபி. நெட் 10 எம்பிபிஎஸ், அதுவும் நல்ல நாளில்.


பழைய_கணினி | வியாழன் இரவு 9.40

தம்பி, உனக்கு நடந்தது ஃப்ரீ வீக்கெண்ட். அது வாடகை சைக்கிள் மாதிரி, நேரம் முடிந்தால் கடையில் விட்டுவிட வேண்டியதுதான். கேம் முழுசும் உன் டிஸ்க்கில் கிடக்கும், திறக்க மட்டும் திறக்காது.

யூபிசாஃப்ட் விஷயத்தில் "இலவசம்" என்ற ஒரே வார்த்தைக்குள் நாலைந்து சரக்கு இருக்கிறது. உண்மையாகவே கொடுத்துவிடுவது ஒன்று. குறிப்பிட்ட நாளுக்குள் உன் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும், அப்புறம் எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம். 2016-ல் கம்பெனிக்கு 30 வயது ஆனபோது ஜூனிலிருந்து டிசம்பர் வரை மாதம் ஒன்றாக ஏழு கேம் கொடுத்தார்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா சாண்ட்ஸ் ஆஃப் டைமில் ஆரம்பித்து, ஸ்ப்ளின்டர் செல், ரேமேன் ஆரிஜின்ஸ், தி க்ரூ, பியாண்ட் குட் அண்ட் ஈவில், ஃபார் க்ரை 3 ப்ளட் டிராகன், கடைசியாக அசாசின்ஸ் க்ரீட் 3. ஏழையும் எடுத்து வைத்தேன். அப்போது என் கணினியில் அதில் நாலுகூட ஓடாது, ஆனால் எடுத்து வைக்கக் காசா பணமா?

அப்புறம் எப்போதுமே இலவசமாக இருப்பவை. ட்ராக்மேனியா (கார் ரேஸ்), பிராஹல்லா (சண்டை), இப்போது ரெயின்போ சிக்ஸ் சீஜும் (துப்பாக்கிச் சண்டை). இதிலும் ஒரு சங்கதி உண்டு: நுழைவுதான் இலவசம், உள்ளே எல்லாக் கதவும் திறந்திருக்காது. 2025 ஜூன் 10-க்கு சீஜ் எக்ஸ் என்ற புது வடிவம் வந்ததிலிருந்து சீஜை யாரும் இறக்கி விளையாடலாம், ஆனால் ராங்க்டு (தரவரிசைப் போட்டி) ஆட வேண்டுமென்றால் காசு கட்டியாக வேண்டும்.

மீதி எல்லாம் ருசி பார்க்க. டெமோ, ட்ரையல், ஃப்ரீ வீக்கெண்ட், அப்புறம் மாதச் சந்தா (கட்டும் வரை பல கேம்களை ஆடலாம்). பிரின்ஸ் ஆஃப் பெர்சியா லாஸ்ட் க்ரௌன் 2024 ஜனவரி 18-ல் வந்தது, அதற்கு ஒரு வாரம் முன்னாடியே டெமோ கொடுத்தார்கள். காசு போட்டு வாங்கலாமா வேண்டாமா என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. (வாங்கினேன்.)


ராத்திரிப்பூனை | வியாழன் இரவு 10.03

பட்டனைப் பார், ப்ரோ. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் நூறு சதவீதத் தள்ளுபடி போட்டு "ஆட் டு அக்கவுன்ட்" என்று இருந்தால் அது உனக்கே. "ப்ளே ஃபார் ஃப்ரீ" என்று போட்டு பக்கத்தில் எப்போது முடிகிறது என்று ஒரு தேதி இருந்தால் அது வாடகை சைக்கிள். கீழேயே வாங்கும் விலையும் இருக்கும், வெளியே போகும் வழியில் அல்வா கடை வைத்த மாதிரி. தேதிக்கு ஒருமுறை, பட்டனுக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை படித்துவிட்டு அமுக்கு.

உன் நெட்டுக்கு இன்னொரு கணக்கும் போடணும். 50 ஜிபி கேம், 10 எம்பிபிஎஸ் லைன். சொட்டு விடாமல் ஓடினாலே பதினோரு மணி நேரத்துக்கு மேல். வீக்கெண்ட் ஆஃபர் வழக்கமாக நமக்கு வியாழன் ராத்திரி தொடங்கும். நீ வெள்ளி காலையில் பார்த்து, மதியம் டவுன்லோடு போட்டு, நடுவில் கரன்ட் போய், சனிக்கிழமை மதியம்தான் முதல் தடவை திறப்பாய். பாதி வாடகை போச்சு. சில சமயம் ஒன்றிரண்டு நாள் முன்னாடியே ப்ரீலோடு (தொடங்கும் முன்பே இறக்கி வைக்கும் வசதி) கொடுப்பார்கள், செவ்வாய், புதன் அந்தப் பக்கம் ஒரு எட்டு பார்த்து வை.


செமஸ்டர்_லீவு | வியாழன் இரவு 10.15

ஐயையோ, பதினோரு மணி நேரமா. கணக்கு போடாமலே இத்தனை நாள் நெட்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வீக்கெண்டில் விளையாடியது அப்புறம் வாங்கினால் திரும்ப முதலிலிருந்தா?


ராத்திரிப்பூனை | வியாழன் இரவு 10.21

இல்லை. யூபிசாஃப்ட் வீக்கெண்டுகளில் சேவ் அப்படியே இருக்கும், பின்னால் அதே கணக்கில் வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதே கணக்கில் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்.


மதுரை_மவுஸ் | வியாழன் இரவு 11.02

அந்தக் கணக்கு விஷயத்தில் நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன், வேறு யாரும் வாங்க வேண்டாம். 2020-ல் எபிக் என்ற இன்னொரு ஆன்லைன் கடையில் பிப்ரவரியில் அசாசின்ஸ் க்ரீட் சிண்டிகேட், மார்ச்சில் வாட்ச் டாக்ஸ் என்று வரிசையாக இலவசமாக வந்தது. யூபிசாஃப்ட் கேமை எபிக்கில் எடுத்தாலும் கடைசியில் யூபிசாஃப்ட் கணக்கோடு இணைத்தால்தான் திறக்கும், ஸ்டீமிலும் அதே கதைதான், எங்கே எடுத்தாலும் யூபிசாஃப்ட் கனெக்ட் என்ற செயலி வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும் (அப்போது அதன் பெயர் யூப்ளே, அந்த வருஷம் அக்டோபரில்தான் பெயர் மாறியது). நான் அவசரத்தில் காலேஜ் மெயிலில் ஒரு புதுக் கணக்கு திறந்து இணைத்துவிட்டேன். என் பழைய கணக்கோ சொந்த மெயிலில். படிப்பு முடிந்தது, காலேஜ் மெயிலை எடுத்துவிட்டார்கள், பாஸ்வேர்டு மறந்தது, எல்லாம் அங்கேயே நிற்கிறது. யார் மேலும் தப்பில்லை, என் அவசரம்தான்.

ஒரே மெயில், ஒரே யூபிசாஃப்ட் கணக்கு, அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு. கேம் எடுக்கும் முன்னாடி இதைச் செய்.


ரெண்டுபிள்ளை_அம்மா | வெள்ளி காலை 6.50

நான் கேம் விளையாடுகிறவள் இல்லை, மகன் எட்டாவது படிக்கிறான். "ஃப்ரீ ட்ரையல்தான்மா, காசு போகாது, கார்டு நம்பர் மட்டும் போடணும்" என்று இரண்டு நாளாகப் பின்னாலேயே சுற்றுகிறான். காசு போகாத இடத்தில் எதற்குக் கார்டு? யாராவது விளக்கினால் நல்லது.


கவுன்ட்டர்_நம்பர்_4 | வெள்ளி காலை 8.15

மேடம், சரியான கேள்வி. கார்டு கேட்டால் அது சந்தாவுக்கான ட்ரையல், கேம் ட்ரையல் இல்லை. குறிப்பிட்ட நாள் வரை காசு எடுக்க மாட்டார்கள், அதற்குப் பிறகு நீங்கள் நிறுத்தாவிட்டால் மாதா மாதம் எடுப்பார்கள். யூபிசாஃப்ட் 2019 செப்டம்பரில் இந்தச் சந்தாவைத் தொடங்கியபோது அந்த மாதக் கடைசி வரை இலவசம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஏமாற்று வேலை இல்லை, ஆனால் மறதியை நம்பி நடக்கிற வியாபாரம்.

நம் நாட்டில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் இப்படித் தானாகக் காசு எடுக்க முதல் தடவை ஓடிபி போட்டு நீங்கள் சம்மதிக்க வேண்டும், ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்னாடி தகவல் வர வேண்டும், வேண்டாமென்றால் அந்தச் சமயத்தில் மறுக்கலாம். ஆனால் 15,000 ரூபாய்க்குள் இருந்தால் அடுத்தடுத்த தடவை ஓடிபி கேட்காது. அந்த முன்தகவல் எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டு கவுன்ட்டருக்கு வந்து நிற்பவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

பையனிடம் இப்படிச் சொல்லுங்கள்: கார்டு கேட்காத இலவசம் எத்தனையோ இருக்கிறது, முதலில் அதை ஆடி முடி. டெமோவுக்குக் கார்டு வேண்டாம், ஃப்ரீ வீக்கெண்டுக்கு வேண்டாம், நிரந்தர இலவசத்துக்கும் வேண்டாம். அப்படியும் சந்தா ட்ரையல்தான் வேண்டுமென்றால் தொடங்கும் முன்னாடியே முடிகிற தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். தொடங்கியதும் நிறுத்திவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், சில இடத்தில் நிறுத்தினாலும் கடைசி நாள் வரை ஓடும், சில இடத்தில் அந்த நிமிஷமே நின்றுவிடும், அது அந்த ஆஃபர் பக்கத்தில் எழுதியிருக்கும்.


ரெண்டுபிள்ளை_அம்மா | வெள்ளி காலை 8.40

ரொம்ப நன்றி சார். எட்டாவது பையனுக்கு எது சரி?


பழைய_கணினி | வெள்ளி காலை 9.05

அக்கா, ட்ராக்மேனியா. கார் ஓட்டுவது மட்டும்தான், சுடுவது வெட்டுவது கிடையாது. சீஜ் பக்கம் விடாதீர்கள், ஐரோப்பாவில் அதற்கு 18 வயது முத்திரை. இலவசம் என்பதால் சின்னப் பையன்களுக்கானது என்று ஆகிவிடாது.


மதுரை_மவுஸ் | வெள்ளி மதியம் 1.30

ஆட்டமே ஆன்லைனில்தான் என்று இருக்கிற கேம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய_கணினி அண்ணா மேலே சொன்ன ஏழில் தி க்ரூ இருக்கிறதே, அது இப்போது எங்கே? 2024 மார்ச் 31-ல் சர்வரை மூடினார்கள், தனியாக ஓட்டக்கூட முடியாது, எப்போதும் ஆன்லைனில் இருக்க வேண்டிய கேம் அது. பிறகு பலருடைய கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். "எடுத்து வைத்தால் நமக்கே" என்பதெல்லாம் சர்வர் இருக்கும் வரைக்கும்தான்.


ஜாய்ஸ்டிக்_மாமா | வெள்ளி மதியம் 1.52

ஓசியில் வாங்கியதற்கு இவ்வளவு புலம்பலா? எட்டு வருஷம் கிடந்தது, நீ எத்தனை நாள் ஓட்டினாய்?


மதுரை_மவுஸ் | வெள்ளி மதியம் 2.10

மாமா, நான் ஓசியில் வாங்கியதற்காகப் பேசவில்லை. 2014-ல் முழு விலை கொடுத்தவனுக்கும் அதே கதிதானே? டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறவன் கையில் இப்போது இருப்பது வெறும் தட்டு. அந்தக் கோபத்தில்தான் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கமே 2024 ஏப்ரலில் கிளம்பியது, ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கேமை மூடுவதாக இருந்தால் ஆஃப்லைனில் ஆடவாவது ஒரு வழி விட்டுவிட்டு மூடு என்கிறார்கள், அவ்வளவுதான். யூபிசாஃப்டும் பின்னால் தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் வழி செய்தது. சத்தம் போட்டதால்தானே?


ஜாய்ஸ்டிக்_மாமா | வெள்ளி மதியம் 2.25

சரி, காசு கொடுத்தவன் கோபம் நியாயம். ஒத்துக்கொள்கிறேன். ஓசிக்காரன் கோபத்தை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.


ராத்திரிப்பூனை | வெள்ளி மதியம் 2.44

ஓசிக்காரனுக்கும் ஒரு நஷ்டம் உண்டு மாமா, நேரம். யூபிசாஃப்டின் இலவச ஆன்லைன் துப்பாக்கி கேம்களையே பாருங்கள்: ஹைப்பர் ஸ்கேப் 2020 ஆகஸ்டில் வந்து 2022 ஏப்ரலில் மூடியது. எக்ஸ்டிஃபையன்ட் 2024 மே 21-ல் வந்தது, அந்த டிசம்பரிலேயே மூடப்போகிறோம் என்றார்கள், 2025 ஜூன் 3-ல் சர்வர் அணைந்தது. ஒரு வருஷமும் பதின்மூன்று நாளும். நான் அதில் துப்பாக்கி துப்பாக்கியாக லெவல் ஏற்றி வைத்திருந்தேன். இப்போது அந்த ஏற்றம் எல்லாம் எந்த ஊரில் இருக்கிறதோ.

என் கொள்கை இதுதான்: இலவச ஆன்லைன் கேம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் வருஷம் அதில் என் ஆளுக்கு ஒரு ரூபாய்க்கு உடை வாங்க மாட்டேன்.


லாச்சப்பல்_தெரு | வெள்ளி மாலை 5.20

நான் பாரிசில் இருக்கிறேன். இந்த இழையில் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி பற்றி யாரும் கதைக்கவில்லையே என்றுதான் எழுத வந்தேன். 2019 ஏப்ரல் 15 பின்னேரம் இங்கே நோத்ரதாம் தேவாலயம் எரிந்தது. வேலை முடிந்து வரும்போது புகை தெரிந்தது, ஆற்றங்கரையில் கனபேர் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளில் யூபிசாஃப்ட், அதுவும் பிரெஞ்சுக் கொம்பனிதானே, அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டியைக் கணினிக்கு 25-ஆம் தேதி வரை இலவசமாக விட்டது, திருத்த வேலைக்கு ஐந்து லட்சம் யூரோவும் கொடுத்தது. அதை எடுத்தவர்களுக்கு இன்றைக்கும் இருக்கிறது, ஏனென்றால் அதன் கதையைத் தனியாக இருந்து விளையாடலாம்.

நான் அந்த இரவே இறக்கினேன். எரிந்து விழுந்த அந்தக் கூர்க்கோபுரத்தின் நுனி வரை ஏறி நின்றேன், மணி இரண்டு இருக்கும். பிறகுதான் விளங்கியது, கதை நடப்பது பிரெஞ்சுப் புரட்சிக் காலம், அந்தக் கூர்க்கோபுரம் கட்டியது 1859-இல்! புரட்சிக்கு எழுபது வருடம் பிந்தியது. அழகுக்காகத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். பிழைதான், ஆனால் அந்த இரவில் எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. 2024 டிசம்பரில் தேவாலயத்தைத் திரும்பத் திறந்தபோது வரிசையில் நின்று உள்ளே போனேன், கூர்க்கோபுரம் புதிதாக நிற்கிறது. அண்ணாந்து பார்த்ததும் எந்த இடத்தில் கால் வைத்து ஏறினேன் என்றுதான் முதலில் மனம் தேடியது.


செமஸ்டர்_லீவு | வெள்ளி மாலை 6.05

அண்ணா, இதைப் படித்துவிட்டு எனக்கு யூனிட்டி வேண்டும் போல இருக்கிறது. இப்போது இலவசமாகக் கிடைக்காதுதானே...

இப்படித் திடீரென்று கொடுப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதுதான் என் முதல் கேள்வியே.


பழைய_கணினி | வெள்ளி இரவு 7.30

திடீரென்று வருவது பாதி, பழக்கமாக வருவது பாதி. அவர்கள் கையை விரிக்கும் பருவம் ஒன்று இருக்கிறது. வருஷக் கடைசி முக்கியம்: 2017-ல் நவம்பரில் வாட்ச் டாக்ஸ், டிசம்பரில் வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்ட், அடுத்த வாரமே அசாசின்ஸ் க்ரீட் ப்ளாக் ஃப்ளாக். புதுப் பாகம் வரும்போது பழைய பாகத்தை அவிழ்ப்பதும் உண்டு. அவர்கள் அறிவிப்பு நிகழ்ச்சி நடத்தும்போதும் கண் வைக்கணும். 2020 ஊரடங்கில் ஏப்ரல் 14 முதல் 17 வரை அசாசின்ஸ் க்ரீட் 2 கொடுத்தார்கள், நாலே நாள், நகம் வெட்டுகிற நேரம்.

அதே வருஷம் ஜூலையில் நடந்த நிகழ்ச்சிக்கு லாகின் செய்து பார்த்தால் வாட்ச் டாக்ஸ் 2 இலவசம் என்றார்கள். நமக்கு அது நள்ளிரவு பன்னிரண்டரை. நான் பதினொன்றரைக்குக் காபி போட்டு வைத்து, பன்னிரண்டுக்கே தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால், நிறையப் பேருக்கு லாகின் சிக்கலாகிப்போனதால் பார்க்காதவர்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களே அறிவித்திருந்தார்கள். தூங்கியவனுக்கும் கிடைத்தது.

தேடும் இடம் மூன்றே மூன்று போதும். யூபிசாஃப்ட் தளத்திலேயே இலவச கேம், டெமோ, ட்ரையல் எல்லாவற்றுக்கும் தனிப் பகுதி இருக்கிறது, கனெக்ட் செயலியின் முகப்பிலும் வரும். ஸ்டீமில் யூபிசாஃப்ட் வெளியீட்டாளர் பக்கத்தை ஃபாலோ செய், பிடித்த கேமை விஷ்லிஸ்டில் போடு, விலை இறங்கினால் மெயில் வரும். எபிக் கடையில் இலவச கேம் வியாழன்தோறும் ராத்திரி எட்டரை, ஒன்பதரை வாக்கில் மாறும். வாட்ஸ்அப்பில் வருகிற லிங்கைத் தொடாதே, கொடுப்பது நிஜமென்றால் அவர்கள் தளத்துக்கு நேராகப் போனாலும் அங்கே இருக்கும். "சர்வே நிரப்பினால் கீ தருகிறோம்" என்பவன் தரப்போவது உன் பாஸ்வேர்டுக்கு வேறு ஓர் உரிமையாளரை.

உன் கணினிக்கு என் தேர்வு: முதலில் ட்ராக்மேனியா, பிராஹல்லா. இரண்டும் சின்னவை, 1650-க்கு ஜுஜுபி. பிராஹல்லாவில் காசில்லாமல் ஆடக்கூடிய வீரர்கள் வாராவாரம் மாறுவார்கள், அதனால் ஒருவனையே பிடித்துக்கொண்டு தொங்க முடியாது, எனக்கு அதுவே பிடித்தது. சீஜ் 1650-ல் குறைந்த செட்டிங்கில் ஓடும், இடத்தையும் டேட்டாவையும் பார்த்துக்கொள். ட்ரையலில் கடிகாரம் வைத்தவையும் உண்டு, ரைடர்ஸ் ரிபப்ளிக்குக்கு 2021 அக்டோபரில் மொத்தம் நாலு மணி நேரம்தான் கொடுத்தார்கள். அந்த மாதிரி வந்தால் கேமில் வரும் உன் ஆளின் முகத்துக்கு மூக்கு செதுக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்காராதே.


ஜாய்ஸ்டிக்_மாமா | வெள்ளி இரவு 7.48

அந்த முக்கால் மணி நேரம் நான்தான். பெயரைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி.


ரெண்டுபிள்ளை_அம்மா | சனி காலை 11.10

ட்ராக்மேனியா போட்டுக் கொடுத்தேன். கார்டு கேட்கவில்லை. இப்போது பிரச்சினை என்னவென்றால் பையன் சாப்பிடப் போனபோது நான் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், வெண்கலம் வந்தது. வெள்ளிக்கு எவ்வளவு நொடி வேண்டும்?


ராத்திரிப்பூனை | சனி காலை 11.22

அக்கா வந்துவிட்டார்கள், எல்லாரும் வழி விடுங்கள்.

ஒவ்வொரு தடத்துக்கும் நேரம் வேறு, ஆரம்பத் திரையிலேயே பதக்கத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுசாக 25 தடம் வரும், காசு கட்டாதவர்களுக்கு அதில் ஒரு பகுதி. வளைவில் பிரேக்கை லேசாகத் தட்டுங்கள், முழுசாக அமுக்கினால் கார் படுத்துவிடும்.


செமஸ்டர்_லீவு | சனி இரவு 8.35

நிலவரம்: பிராஹல்லாவில் தங்கச்சியிடம் ஏழு தடவை தோற்றேன், ட்ராக்மேனியாவில் தங்கம் 0.08 நொடியில் போச்சு. ஆசை விடாமல் சீஜும் இறக்கினேன், 71 சதவீதம் வந்தது, அம்மா மிக்ஸி போட ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்தா?!


பழைய_கணினி | சனி இரவு 8.41

இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். டவுன்லோடை நிறுத்தி வை, சட்னி அரைத்து முடிக்கட்டும்.